உள்வரிசை

என் மச்சானை யானை கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த யானை அவனுடைய சமையலறைச் சுவரோரம் எப்படி வந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்ல என்னால் மட்டும்தான் முடியும். அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான் எழுதிய ஒரு சொல்.

மச்சான் என் மனைவியின் தம்பி. அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட அதனோடு வாக்குவாதம் செய்வான். "ராத்திரி தூங்குறப்பதான் ஸ்டேஷன் எடுக்காது அண்ணா, மத்த நேரமெல்லாம் ஒலிபரப்புதான்" என்று அவன் மனைவி என்னிடம் சொல்லுவாள். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன்.

எங்கள் பக்கத்தில் மேற்கே ஒரு காடு, கிழக்கே ஒரு காடு. ஒரு காலத்தில் அது ஒரே காடாக இருந்தது. நடுவில் நான்கு கிலோமீட்டருக்கு மரங்கள் போய், சோளமும் வாழையும் வீடுகளும் வந்துவிட்டன. ஒரு காட்டில் தண்ணீர் வற்றினால் விலங்குகள் மற்றதற்குப் போக வேண்டும். போகிற வழியில் நாங்கள் இருந்தோம். எனக்குத் தெரிந்து பத்து வருடத்தில் நான்கு பேர் செத்தார்கள். யானைகள் எத்தனை செத்தன என்று யாரும் எண்ணவில்லை.

அந்த நான்கு கிலோமீட்டரையும் மரங்களால் இணைப்பதற்காக ஓர் அமைப்பு வந்தது. நிலத்தை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பதினொரு பேருடைய நிலங்களின் வழியாக, இருநூறு தப்படி அகலத்தில், உயரமான மரங்கள். அவற்றின் நிழலில் காப்பிச் செடி. மரத்தில் ஏறுகிற மிளகுக் கொடி. விளைச்சல் நிலத்துக்காரருக்கு, வழி விலங்குகளுக்கு. நாங்கள் அதைப் பாலம் என்று சொல்லிக்கொண்டோம்.

திட்டத்தை நடத்தியவரை டாக்டரம்மா என்போம். அவர் வாங்கிய டாக்டர் பட்டம் காடுகளைப் பற்றியது. அதைப் புரியவைப்பதற்குள் முதல் மாதத்திலேயே ஏழு பேர் அவரிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்டுவிட்டார்கள். எட்டாவது ஆளாகப் போனவன் என் மச்சான். "டாக்டரம்மா, எனக்கு முழங்கால் வலி. யானைக்கு என்ன குடுப்பீங்களோ அதுல பாதி குடுங்க, போதும்" என்றான்.

நான் அங்கே களப்பணியாளனாகச் சேர்ந்தேன். அதற்கு முன் ஒன்பது வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சகம் மூடியதும் வேலை இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நாற்றுப்பண்ணையில் சீட்டு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. பழைய எண்ணெய் டின் மூடிகளைப் பட்டை பட்டையாக வெட்டி, வெள்ளை அடித்து, கறுப்பு மையில் எழுதி, பத்துப் பைக்கு ஒன்றாகச் செருகுவேன்.

நடுகிற முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். யானைக்குப் பலாப்பழம் என்றால் உயிர். எலுமிச்சை, நாரத்தை என்றால் அது ஒதுங்கிப் போகும். அந்த முள்ளும் வாடையும் அதற்கு ஆகாது. ஆகவே பலாவும் அத்தியும் பாலத்தின் நட்டநடுவில் நிற்க வேண்டும். இரண்டு ஓரத்திலும், வீடுகளைப் பார்த்த பக்கமாக, நான்கு வரிசை எலுமிச்சை நெருக்கமாக நிற்க வேண்டும். அப்படி இருந்தால் யானை நடுவிலேயே போகும், நடுவிலேயே தின்னும், வீட்டுப் பக்கம் திரும்பாது. நான் பலாக் கன்றுகளுக்கு "உள்" என்றும், எலுமிச்சைக் கன்றுகளுக்கு "வெளி" என்றும் எழுதினேன். பாலத்துக்கு உள்ளே, பாலத்தின் வெளி ஓரம். எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

பதினொரு நிலங்களில் மச்சானுடையதுதான் குறுகல். ஒரு பக்கம் அவன் வீடு. மறு பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரியின் பள்ளம், எண்பது அடி ஆழம். இடையில் எண்பது தப்படிதான் இடம். அந்த இடத்தைக் கழுத்து என்று குறிப்பிடுவோம். டாக்டரம்மா அங்கே நின்று ரொம்ப நேரம் யோசித்தார்.

"இங்க பழமே வேண்டாமோன்னு இருக்கு" என்றார்.

"பழம் இல்லாட்டி எதுக்கும்மா என் இடத்துக்குள்ள வரும்? என் மூஞ்சியப் பாக்கவா?" என்றான் மச்சான்.

"அதுவும் சரிதான். குறுகலான இடத்துல கால் வைக்க அது பயப்படும். நடுவுல கொஞ்சம் இருந்தா துணிஞ்சு போகும். ஆனா நடுவுலதான். ஒரு மரம்கூட இந்தப் பக்கம் தள்ளி வரக் கூடாது." என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பத்து நிலங்களிலும் நானே கயிறும் முளைக்குச்சியுமாகப் போய் நின்றேன். கயிறு கட்டி, குச்சி அடித்து, இந்தக் குழிக்கு இந்தக் கன்று என்று காட்டிவிட்டுத்தான் வருவேன். கடைசியாக மச்சான் நிலம். தொடர்ந்து பதின்மூன்று நாள் மழையில் நின்றிருந்தேன். நம்ம ஆள்தானே, குழி வெட்டியாகிவிட்டது, சீட்டு இருக்கிறது, அவனுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். கன்றுகளை லாரியில் ஏற்றி அவனோடு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

பகல் பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. என் மனைவி எடுத்து என் காதில் வைத்தாள்.

"மாமா, உள் வரிசைன்னா உள்ளதானே?"

"உள்ளன்னா உள்ளதான். அதுல என்னடா சந்தேகம்?"

"இல்ல, கேட்டு வச்சுக்கிட்டேன். அப்புறம் சிவப்பு மைய எடுத்துக்கிட்டு வந்து என் தோட்டத்தத் திருத்தக் கூடாது பாருங்க. கல்யாணப் பத்திரிகைல பொண்ணு பேரையே திருத்துன ஆளாச்சே நீங்க."

"எழுத்துப்பிழைடா அது. போனை வை. தூக்கம் வருது."

அவன் வைத்துவிட்டான். நான் தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன், அது நினைவிருக்கிறது.

அடுத்த ஐந்து மாதம் நான் கிழக்கு முனையில் இருந்தேன். அங்கே மாடுகள் கன்றுகளை மேய்ந்துவிட்டன. மறுபடி நட வேண்டியிருந்தது. மச்சான் நிலத்துக்கு நான் போனபோது கன்றுகள் முழங்கால் உயரம். அவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "வாங்க மாமா, ஒண்ணுகூடச் சாகல. கணக்கெடுக்க வந்தா கண்ணு போடாம எடுங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனான்.

சமையலறை ஜன்னலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் பலா நின்றது. சுவரோரமாக, வரிசை பிசகாமல், இருபத்து மூன்று பலாக் கன்றுகள். தாண்டிப் போனேன். நடுவில், யானை நடக்க வேண்டிய இடத்தில், எலுமிச்சையும் நாரத்தையும் நெருக்கமாக நின்று முள் விடத் தொடங்கியிருந்தன.

உள் என்றால் அவனுக்கு வீட்டுப் பக்கம். வெளி என்றால் வீட்டை விட்டுத் தள்ளி. வீட்டில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அப்படித்தானே இருக்கும்? நான் பாலத்துக்குள் நின்றுகொண்டு எழுதியிருக்கிறேன். அவன் தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு படித்திருக்கிறான். சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல, பாலத்தின் கழுத்து உள்வெளியாக நின்றது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு மரத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி சிரித்தான்.

"அப்ப என்ன மாமா, பலா எனக்கு, எலுமிச்சை அதுக்கு. ஜூஸ் போட்டுக் குடிச்சுட்டுப் போகட்டும்."

"விளையாடாத மச்சான். பிடுங்கி மாத்தி நட்டுடலாம். பத்து நாள் வேலை."

"பிடுங்குனா பாதி செத்துப்போகும். பள்ளத்துலேருந்து குடம் குடமா தண்ணி தூக்கி ஊத்துனது யாரு, நீங்களா? உங்க தங்கச்சியும்தான் தூக்குனா" என்றான். "காய்க்க இன்னும் அஞ்சு வருஷம் ஆகும். அப்ப வெட்டணும்னா வெட்டிக்கலாம். இப்ப பச்சப்புள்ளய எதுக்குக் கொல்லணும்?"

நான் வற்புறுத்தியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பார்க்காமல் அனுப்பினாயா என்று கேட்பார். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து எத்தனை கன்று பிழைத்தது என்று எண்ணப்போகிறார்கள். மச்சான் நிலத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த நேரத்தில் பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடம் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

வரைபடம் வரைய வேண்டிய நாள் வந்தது. பதினொரு நிலங்களையும் வரைந்தேன். கழுத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிற்கிறபடி வரைந்தால் கேள்வி வரும். நிற்க வேண்டியபடி வரைந்தேன். நடுவில் பலா, சுவரோரம் எலுமிச்சை நான்கு வரிசை. மை காய்ந்ததும் மடித்துக் கொடுத்துவிட்டேன். ஒன்பது வருடம் அடுத்தவர் எழுதியதில் பிழை தேடியவன், தெரிந்தே எழுதிய பிழை அது ஒன்றுதான்.

இரண்டாம் வருடம், கழுத்தை மறுபடி வந்து பார்ப்பதற்குள், டாக்டரம்மாவை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் நகரத்து அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்த வரைபடத்தை வைத்துத்தான் எல்லாம் செய்தார்கள். யானை நெருங்கினால் ஊதுகிற சங்கும் சிவப்பு விளக்கும் நான்கு வீடுகளுக்கு வைத்தார்கள். மச்சான் வீட்டுக்கு வைக்கவில்லை. அங்கேதான் நான்கு வரிசை எலுமிச்சை இருக்கிறதே.

"எனக்கு எதுக்கு மாமா சங்கு? நானே சங்குதான்" என்றான் அவன்.

மரங்கள் வளர்ந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியவன் ஆக மாட்டேன். அவ்வளவு அழகாக வளர்ந்தன. மூன்றாம் வருடம் மான்கள் வந்தன. முள்ளம்பன்றி வந்தது. மேற்கே மட்டும் இருந்த ஒரு பெரிய அலகுப் பறவை கிழக்கே கூடு கட்டியது. நான்காம் வருடம் மேற்கு முனையில் வைத்த கேமராவில் ஒரு தாய் யானையும் குட்டியும் பதிவாகின. பத்தொன்பது நாள் கழித்து அதே இரண்டும் கிழக்கு முனைக் கேமராவில் வந்தன. பாலம் வேலை செய்கிறது என்று அலுவலகத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, இரண்டு முனைக்கும் நடுவில் அவை எந்தப் பக்கமாக நடந்திருக்கும் என்று யோசித்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். எலுமிச்சை அடர்ந்த நடுப்பகுதியில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. குவாரிப் பள்ளத்தின் விளிம்பை யானை மிதிக்காது. மீதி இருந்தது வீட்டுச் சுவரோரம். பலா வரிசைக்கும் சுவருக்கும் இடையில் மண் அழுந்தி, தாம்பாளம் தாம்பாளமாகத் தடம் கிடந்தது.

"தெரியும் மாமா" என்றான் மச்சான். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான். "அவகிட்டச் சொல்லல. மண்வெட்டியால இழுத்து மூடிட்டேன். இது நீங்க பாக்குறது நேத்துத் தடம்."

"இதுக்கு முன்னாடியும் வந்துச்சா?"

"மூணு தடவ. சத்தமே இல்ல. ஆனா நாய் இந்தப் பக்கம் படுக்கிறத விட்டுடுச்சு."

"வெட்டிடலாம் மச்சான். நாளைக்கே வெட்டிடலாம்."

அவன் ஒரு மரத்தின் மேல் கையை வைத்தான். மரத்தில் அவன் தலைக்கும் மேலே யானை உரசிய சேறு தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. "வெட்டுனா இங்க என்ன இருக்கும்? வெட்ட வெளி. அப்ப அது நிக்காம போயிடும்னு எழுதித் தருவீங்களா?"

என்னால் எழுதித் தர முடியவில்லை. இவ்வளவு நாள் நடந்து பழகிய வழியை நடுவில் வெறுமையாக்கினால் அவை என்ன செய்யும் என்று டாக்டரம்மாவைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இந்த முறை காய்த்தால் பிஞ்சிலேயே வெட்டி எறிந்துவிடுவது, மழை தொடங்கியதும் சுவரோரம் எலுமிச்சை நட்டு, அது வளர்ந்தபின் பலாவை எடுப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வரைபடத்தைப் பற்றி அவனிடம் நான் சொல்லவே இல்லை. தன் வீட்டுக்குச் சங்கு வராததற்கு அலுவலகத்தின் கஞ்சத்தனம்தான் காரணம் என்று அவன் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் வருடம் பெயருக்குக் காய்த்தது. பிஞ்சிலேயே வெட்டினோம். அந்த மழைக்கு எலுமிச்சைக் கன்று கேட்டேன். நாற்றுப்பண்ணையில் எல்லாம் வேறு பகுதிக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஏன் வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறாம் வருடம் இருபத்து மூன்று மரமும் அடியிலிருந்து நுனிவரை காய்த்தன. ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போனோம். நாள் முழுவதும் காய் வெட்டினோம். பால் பிசின் கையில் ஒட்டி, அரிவாள் பிடியே கையை விட்டு வரவில்லை. மச்சான் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காயும் விழும்போது ஒரு பெயர் சொன்னான். "இது அலுவலகத்து மேலதிகாரி. பாத்து, தலைல விழப்போகுது. இது நம்ம மாமா. கனமா இருக்கு, ஆனா உள்ள சுளை கம்மி." என் மனைவி கீழே நின்று சிரித்து சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப்பின் நான் பார்க்கவில்லை.

"எல்லாம் ஆச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஆச்சு மாமா."

வெட்டிய காயை எல்லாம் குவாரிப் பள்ளத்தில் தள்ளினோம். திரும்பி வரும்போது காற்றில் ஒரு மெல்லிய இனிப்பு வாடை இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. கையில் ஒட்டிய பிசின் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் ஒன்றை விட்டுவைத்திருந்தான். சமையலறை ஜன்னலுக்கு நேரே நிற்கிற மரத்தில், வேரை ஒட்டி, இலைச் சருகுக்குள் மறைவாக இருந்த ஒரு காய். அவன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, பலாப்பழம் பிடிக்கும். சின்ன வயதில் ஒரு பழத்தில் பாதியை அவளே தின்றுவிட்டு, கொட்டையை எண்ணிப் பார்த்து அவனுக்குச் சமமாகக் கொடுத்ததாகப் பொய் சொல்வாளாம். ஆறு நாளில் பழுத்துவிடும், சனிக்கிழமை அறுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறான். மேலே சாக்கைப் போட்டு மூடிவைத்தான். சாக்கு பார்வையை மறைக்கும். வாடையை எப்படி மறைக்கும்?

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. மூடுபனி. தங்கச்சி அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனான். வழக்கம்போல அவன் பேசுவது கேட்டது. அவள் காது கொடுக்கவில்லை. குரங்கோடு பேசுகிறான் என்று நினைத்தாளாம். பிறகு தெளிவாகக் கேட்டது.

"இரு, இரு. இது உனக்கில்ல. எங்க அக்காவுக்கு."

அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. பிளிறல் இல்லை, ஓட்டம் இல்லை. "பேச்சு நின்னுபோச்சு அண்ணா. அதனாலதான் வெளிய வந்தேன்" என்றாள் என்னிடம். அதை அவள் மூன்று முறை சொன்னாள். ஜன்னல் கம்பி இரண்டு உள்பக்கமாக வளைந்திருந்தது. சாக்கு தனியாகக் கிடந்தது. பழம் இல்லை.

அன்று பிற்பகலே உறவுக்காரர்கள் கோடாரியோடு வந்து இருபத்து மூன்று மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும் ஒரு கோடாரியை வாங்கி வெட்டினேன். கிளைகளைச் சுவரோரம் மலைபோலக் குவித்தார்கள்.

எட்டாம் நாள் டாக்டரம்மா வந்தார். அவரைத்தான் விசாரிக்க அனுப்பியிருந்தார்கள். நல்ல மழை. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி கதவருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் எல்லோரும் பாலத்தை முழுக்க வெட்டிவிட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தாள் அவர் மடியில் இருந்தது. அதன்மேல் என் வரைபடத்தை விரித்தார்.

"நாலு வரிசை எலுமிச்சை இருந்தும் வந்திருக்கு" என்றார் மெதுவாக. "அப்ப எலுமிச்சை தடுக்காதுன்னு ஆகுது. நான் நம்புனது தப்பு. வேற மூணு இடத்துல இந்த மழைக்கு நடப்போறோம். வீட்டோரம் எலுமிச்சை வேண்டாம், நடவுச் செலவு மிச்சம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. என் கையெழுத்துக்குத்தான் காத்திருக்காங்க."

மூன்று இடம். ஒவ்வொன்றிலும் ஒரு கழுத்து இருக்கும். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு சமையலறை இருக்கும்.

"எலுமிச்சை இங்க இல்ல மேடம்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"நடுவுல இருக்கு. சுவரோரம் நின்னது பலா. நான் சீட்டுல உள், வெளின்னு எழுதுனேன். அவன் வீட்டுக்கு உள்பக்கம்னு புரிஞ்சுக்கிட்டான். நட்ட அன்னிக்கு நான் வரல. அஞ்சு மாசத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் இந்தப் படத்தை வரைஞ்சேன். சங்கு வராததும் இதனாலதான்."

டாக்டரம்மா எழுந்து மழையில் இறங்கிப் பின்பக்கம் போனார். கிளைகளை அவரே இழுத்துத் தள்ளி, ஒவ்வொரு அடிமரமாகத் தொட்டு எண்ணுவது சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எட்டு நாள் ஆகியும் சில கட்டைகளில் பால் கசிந்துகொண்டிருந்தது. அவர் விரலைச் சேலையில் துடைத்தார். ஒட்டிக்கொண்டு போகவில்லை.

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் பேசினாள்.

"அவன் போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். உள்ளன்னா உள்ளதான்னு நீங்க சொன்னீங்க."

"ஆமா."

"எனக்கும் வீட்டுப் பக்கம்னுதான் புரிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

பாலம் தப்பியது. டாக்டரம்மா ஊர்க்காரர்களைக் கூட்டி, கட்டைகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். என் பெயரை அவர் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன். ஒருவர் என் முகத்துக்கு நேரே துப்பினார். வேலை போயிற்று. மற்ற மூன்று இடத்திலும் எலுமிச்சை வீட்டோரமாக நடப்பட்டது என்று அவர் ஒரு கடிதம் எழுதினார். சீட்டுகளில் இப்போது "வீட்டுப் பக்கம்", "வழிப் பக்கம்" என்று எழுதுகிறார்களாம்.

தங்கச்சி வீட்டை விட்டு வர மாட்டேன் என்றாள். "எங்க போறது? அவர் பேசுனதெல்லாம் இங்கதான் இருக்கு" என்றாள். அவளைத் தனியாக விட என் மனைவிக்கு மனம் இல்லை. எங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். இப்போது ஒரு சங்கும் சிவப்பு விளக்கும் இருக்கின்றன. சுவரோரம் நான்கு வரிசை எலுமிச்சை நட்டிருக்கிறேன். நானே கயிறு கட்டி நட்டேன். அது இடுப்பு உயரம்தான் வந்திருக்கிறது. முள் கெட்டிப்பட இன்னும் மூன்று வருடம் ஆகும். நடுவில் எலுமிச்சையைக் குறைத்து வழி விட்டிருக்கிறோம். அந்த வழியில் இதுவரை ஒரு தடமும் இல்லை.

பலாக் கட்டைகள் சாகவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று துளிர்க்கிறது. காலையில் போய்க் கையாலேயே கிள்ளி எறிகிறேன். போன வருடம் பழக் காலத்தில், ஒரு பழமும் இல்லாதபோது, யானை வந்தது. சங்கு ஊதியது. நாங்கள் மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். சமையலறை ஜன்னலுக்கு நேரே நிற்கிற கட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. நான்கு கால் தடமும் ஒரே இடத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும்.

இந்த வருடம் பழக் காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இன்று காலை துளிர் கிள்ளப் போனேன். சங்கு ஊதவில்லை, விளக்கு எரியவில்லை. வளைந்த ஜன்னல் கம்பியில் சேறு அப்பியிருந்தது. முன்பு என்றால் துடைத்திருப்பேன். துடைக்கவில்லை. உள்ளே போய் இரண்டு பேரையும் கூட்டிவந்து காட்டினேன்.

என் மனைவி தள்ளியே நின்றாள். தங்கச்சி கிட்டே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு அண்ணா" என்றாள்.